சாராளக்கா வைத்த அரை அடி

போன ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் என் ஞாயிற்றுக்கிழமையின் பெரிய வேலை அதுதான். மகள் வீடு கொழிஞ்சாம்பாறையில். பாலக்காட்டுக்குக் கிழக்கே, தென்னையும் கறவை மாடும் புழுக்கமுமாக இருக்கிற ஊர். நான் ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அந்த மலைகளின் தபால் ஆபீஸ்களிலேயே முத்திரை குத்தி ஓய்ந்தவன். இங்கே வந்து ஆறு வருஷமாகியும் மின்விசிறியை எந்த எண்ணில் வைப்பது என்பதில் மகளுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. இப்போது சண்டை போடவும் தெம்பில்லை. வைத்த எண்ணில் கிடக்கிறேன்.

மாப்பிள்ளை கனகராஜ் போனை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறவர். நல்ல மனுஷர். என் பழைய புலம்பல்களைக் காது கொடுத்துக் கேட்பதோடு ஞாபகமும் வைத்துக்கொள்கிறவர்.

"ஏனுங்க மாமா, இதைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்க. நீங்க வருசக்கணக்கா தேடிட்டிருந்த ஊஞ்சல் பாட்டு இதுதானுங்களா?"

அதுதான். முதல் வயலின் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது நான் அதைக் கேட்டு. பழைய பாட்டுகளைச் சேர்த்து வைக்கிற யாரோ ஒருவர் போட்டிருக்கிறார். இரைச்சல் நீக்கிய புது ஒலி என்று மேலே எழுதியிருக்கிறதாம். உண்மைதான், ஒரு கீறல் இல்லை, ஒரு சரசரப்பு இல்லை. நேற்றுப் பாடினது மாதிரி இருந்தது. கடைசிச் சரணத்தில் பாட்டு மேலே ஏறுகிற இடம் வந்ததும், நாற்காலிக்குக் கீழே என் வலது கால் தானாகப் பின்னால் போனது.

"என்னங்க மாமா, காலு மரத்துப் போச்சுங்களா?"

"ஆமா மாப்ள" என்றேன். வேறு என்ன சொல்வது.

பாட்டு முடிந்தபோது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கோ ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று பிடிபடவில்லை. பாடியவர் யாரென்று போட்டிருக்கிறது என்று கேட்டேன். கதாநாயகியாக நடித்தவரின் பெயரைப் படித்தார். அதுதான் போட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்டேன்.

அந்தப் பாட்டைப் பாடியது அந்த நடிகை இல்லை. எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் ஆயாவாக இருந்த சாராளக்கா. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துவிட்டது. நீங்கள் ஒருவராவது முழுசாகக் கேளுங்கள்.

தைல வாசனை வந்தால் எனக்குப் பிள்ளைக் காப்பகம்தான் ஞாபகம் வருகிறது. அக்கா தொண்டைக்குழியில் எப்போதும் ஒரு பொட்டுத் தைலம் தடவியிருப்பார். காலைச் சங்கு ஊதியதும் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் பிள்ளைகளை அங்கே இறக்கிவிட்டு ஓடுவார்கள். சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். காய்ச்சின பால், ஈரத் துணி, பினாயில், நடுவில் இந்தத் தைலம். நானும் அதில் ஒரு தொட்டிலில் கிடந்தவன்தான். அக்கா ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடுவார், எட்டுத் தொட்டில் அடங்கும். சினிமாவில் பாடினவர் பாட்டுக்கு மூக்கொழுகத் தூங்குகிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தாலும் தூங்கத்தான் செய்திருப்போம். என் அம்மாவும் அவரை அக்கா என்பாள், நானும் அக்கா என்பேன், எனக்குப் பின்னால் பிறந்ததுகளும் அக்கா என்றன. தோட்டத்தில் அவருக்கு வேறு முறை கிடையாது.

அவர் அப்பா எங்கள் வேதக்கோயிலில், போதகருக்கு அடுத்தபடியாக, உபதேசியாராக இருந்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். வீட்டில் ஒரு ஆர்மோனியம் உண்டு. அக்காவின் தாய்மாமன் கோயம்புத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் தச்சு வேலை பார்த்தார். அட்டையிலும் பலகையிலும் அரண்மனை செய்கிற வேலை. படம் பேச ஆரம்பித்து ரொம்பக் காலம் ஆகியிருக்கவில்லை. நடிக்கிறவர்களே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் மரத்துக்குப் பின்னாலும் புதருக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டு வாசிப்பார்கள். அந்தச் சமயத்தில் ஒரு கதாநாயகி வந்து சேர்ந்தார். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது, பாடினால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். முதலாளி தலையில் கையை வைத்துவிட்டார். தாய்மாமன் மலையேறி வந்து, பத்தொன்பது வயது அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் தடவை, மாமன் செய்த அரண்மனைச் சுவருக்குப் பின்னாலேயே நிற்க வைத்துப் பாடச் சொன்னார்களாம். முன்னால் கதாநாயகி வாயசைக்க, பின்னால் அக்கா. அடுத்த படத்துக்குள் பாட்டை முதலிலேயே தனியாகப் பதிந்து வைத்துக்கொள்கிற முறை வந்துவிட்டது. அட்டைச் சுவர் போய், கம்பளம் விரித்துச் சன்னலை அடைத்த ஒரு நிஜ அறை வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம் என்பார் அக்கா. நாலு வருஷம், ஒன்பது பாட்டு. படங்கள் ஓடின, இசைத்தட்டுகள் விற்றன. ஆனால் அந்தக் காலத்துத் தட்டுகளில் ஒரு வழக்கம் இருந்தது. பாடியவர் என்ற இடத்தில் பாடினவர் பேரைப் போட மாட்டார்கள், படத்தில் வருகிற பாத்திரத்தின் பேரைப் போடுவார்கள். ஊஞ்சல் பாட்டில் அந்தப் பாத்திரத்தின் பேர் மல்லிகா. ஆகவே தட்டில் பாடியதும் மல்லிகா. அக்காவுக்கு அப்போது அது தப்பாகவே படவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் போட்டார்கள்.

அப்புறம் மதராஸிலிருந்து புதுக் குரல்கள் வந்தன. இங்கே உபதேசியாருக்கு உடம்பு முடியாமல் போனது. அக்கா மலையேறித் திரும்பி வந்தார். கோயிலில் பெரிய சங்கடம் காத்திருந்தது. சினிமாவுக்குப் போன பெண் என்று அவருக்கு நற்கருணை கொடுக்கக் கூடாது என்றார்கள் சபைப் பெரியவர்கள். உபதேசியார் மகளாயிற்றே என்று யாரும் பார்க்கவில்லை. அப்பாவை அடக்கம் செய்த அன்றும் அக்கா கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாராம். தோட்டத்து டாக்டர் அம்மா பார்த்துப் பரிதாபப்பட்டு ஆயா வேலை போட்டுக் கொடுத்தார். கல்யாணம் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் கழித்து வந்த ஒரு போதகர்தான், நல்ல குரலைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நாம் என்ன ஆராதனை நடத்துகிறோம் என்று கேட்டு, அக்காவைப் பாடகர் குழுவுக்குத் தலைவி ஆக்கினார். எனக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ. அக்கா பாட நின்றால் முதலில் கைவளையல் இரண்டையும் கழற்றி ஆர்மோனியத்தின் மேல் வைப்பார். செருப்பைப் பக்கத்தில் விடுவார். பாட்டில் உச்சமான இடம் வரும்போது வலது காலை அரை அடி பின்னால் வைப்பார். கீழே இறங்கும்போது பழைய இடத்துக்கு வந்துவிடுவார். நான் அதை பக்தி என்று நினைத்தேன். என் அம்மா கூச்சம் என்று நினைத்தாள்.

குழுவில் இருந்த பெண்கள் யாரும் எதையும் நினைக்கவில்லை. அப்படியே செய்தார்கள். ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாட்டு உச்சத்துக்குப் போக, பதினாலு பேரும் சேர்ந்து அரை அடி பின்னால் போக, கடைசி வரிசையில் நின்ற பாக்கியம் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டில் குடிலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். மண் கழுதை ஒன்று நொறுங்கியது. போதகர் ஐயா ஆராதனை முடிந்ததும் கேட்டார்:

"எதுக்கும்மா எல்லாரும் சேந்து பின்னால போறீங்க?"

"அக்கா அப்படித்தான் பாடுவாங்க ஐயா" என்றாள் பாக்கியம், முதுகில் ஒட்டின வைக்கோலோடு.

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல ஐயா. எங்காலு போச்சு, அதுகளும் போச்சு" என்றார் சாராளக்கா. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகும் நிற்கவில்லை. உச்சம் வந்தால் எங்கள் கோயில் பாடகர் குழு அரை அடி பின்னால் போகும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இது ஏதோ சபை ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டு தாங்களும் செய்து பார்த்தார்களாம். குரல் உடைந்த பிறகு நானும் அந்தக் குழுவில் சேர்ந்தேன். என் கால் பின்னால் போவதற்குக் காரணம் இதுதான். பழகின காலை இந்த வயசில் திருத்தவா முடியும்?

இருபத்திரண்டு வயதில் தோட்டத்துக் கிளைத் தபால் ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரு அறை, ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு முத்திரை. சாயங்காலம் பையைக் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்து ஏலப்பாறைக்கு அனுப்ப வேண்டும். எனக்கு அந்த வேலையில் அப்படி ஒரு பெருமை. கோணாமல் குத்துவதற்காகப் பழைய காகிதத்தில் பழகுவேன். அரக்கு வாசனை அறை முழுக்க இருக்கும். ஒருநாள் அக்கா வந்து நின்று மூக்கை உறிஞ்சினார்.

"எங்க தட்டு வாசனை அடிக்கி" என்றார். அந்தக் காலத்து இசைத்தட்டையும் அரக்கில்தான் வார்ப்பார்களாம். "தம்பி, ஒரு கார்டு எழுதணும்."

"சொல்லுங்கக்கா."

"ரேடியோவுல பாட்டு போடச் சொல்லி எழுதுதாங்கல்லா, அது மாதிரி."

அக்காவின் கையெழுத்து என்னுடையதை விட நன்றாக இருக்கும். நீங்களே எழுதலாமே என்றேன்.

"எம் பாட்டை நானே கேக்கதுக்கு வெக்கமா இருக்கு. நீ எழுது. ஊஞ்சல் பாட்டு வேணும், பாடினது சாராள்னு பேரைச் சொல்லிப் போடணும். அம்புட்டுதான். வேற ஒண்ணும் வேண்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மறைத்துக்கொள்ளத் தெரியாத வயசு. அக்கா சினிமாவுக்குப் போனார் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். போய் என்ன செய்தார் என்பதில்தான் ஆளுக்கொரு கதை. கூட்டத்தில் ஆடினார் என்பார்கள், யாருக்கோ சமைத்துப் போட்டார் என்பார்கள். இன்னும் மோசமாகவும் சொல்வார்கள். பாடினார் என்று யாரும் நம்பவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"பழி மட்டும் எம் பேருல இருக்கு தம்பி" என்றார். "பாட்டு வேற பேருல இருக்கு. ஒரே ஒரு தடவ, இந்தச் சனம் எல்லாம் உக்காந்திருக்கையில, ரேடியோக்காரன் எம் பேரைச் சொல்லணும். அப்புறம் யாரும் என்னமும் பேசட்டும்."

மறுநாள் மதியம் ஒரு துணிப்பைக்குள் அந்தத் தட்டைக் கொண்டுவந்தார். அவரிடம் இருந்த ஒரே தட்டு. தோட்டத்துக் கிளப்பில் ஒரு துரை விட்டுவிட்டுப் போன சாவி கொடுக்கிற கிராமபோன் இருந்தது. அதில் போட்டோம். கரகரவென்று இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து குரல் வந்தது. தொட்டிலில் கேட்ட குரல்தான், ஆனால் சின்னப் பெண். நான் தட்டின் நடுவில் இருந்த சிவப்புக் காகிதத்தைக் குனிந்து பார்த்தேன்.

"மல்லிகான்னு போட்டிருக்கேக்கா."

"மல்லிகா படத்துல வார பொண்ணு. நீ பேரைப் பாக்காத, கேளு. இந்தா, இப்ப வருது பாரு அந்த எடம். நான் பின்னால போறேன்."

கடைசிச் சரணத்தில் குரல் ஏறியது. ஏறும்போதே கொஞ்சம் விலகியது. சத்தம் குறையவில்லை, தூரம் கூடியது. குரல் அரை அடி தள்ளிப்போய், அந்த அறையின் சுவரில் பட்டு வருவது காதில் விழுந்தது. பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். அவர் கால் பின்னால் போயிருந்தது. தட்டுக்குள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் அது நடந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

"ஒரே மைக்குதான்" என்று அப்போதுதான் விவரமாகச் சொன்னார். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தரு ஊசியப் பாத்துட்டே இருப்பாரு. சத்தம் கூடி ஊசி கோட்டைத் தாண்டிட்டுன்னா பதிஞ்சது பாழ். வாத்தியக்காரங்க அத்தன பேரும் மறுபடி மொதல்ல இருந்து வாசிக்கணும். மைக்கு நகராது. உச்சத்துக்குப் போகையில நாமதான் விலகிக்கிடணும்."

இன்னொன்றும் சொன்னார். படத்தில் அந்த இடத்தில் கதாநாயகி ஊஞ்சலில் வேகமாக முன்னால் வருவாராம். கொட்டகையில் அந்த இடத்துக்குச் சனங்கள் கை தட்டுவார்களாம். முன்னால் வருகிற நடிகைக்குப் பின்னால் போகிற குரல். அக்காவுக்கு மட்டும் அது தெரியும்.

நான் கார்டு எழுத உட்கார்ந்தேன். இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. அக்கா கேட்டது ஒரு வரி. ஒரு வரிக்கு யார் மதிப்பு கொடுப்பார்கள், நாலு பேர் விரும்பிக் கேட்டால்தானே போடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. பாட்டு கேட்பவர்களின் பேரையெல்லாம் வானொலியில் வாசிப்பது அப்போது வழக்கம். மலையில் யாருடைய பேரும் அதுவரை அதில் வந்ததில்லை. கிளப்பில் ரெண்டு பேரிடம் சொன்னேன். அவ்வளவுதான், அடுத்த நாள் தபால் ஆபீஸ் வாசலில் கூட்டம்.

ஏழாம் லயத்து வரிசை வீட்டுச் சவரியம்மாள் தன் பேரோடு பிள்ளைகள் அஞ்சு பேர் பேரையும் போடச் சொன்னாள். பாக்கியம் இன்னும் பிறக்காத பிள்ளைக்கு ஒரு பேர் கொடுத்தாள். முத்துக் கங்காணி தன் பேர் கணக்கப்பிள்ளை பேருக்கு முன்னால் வர வேண்டும் என்றார், கணக்கப்பிள்ளை தன் பேர் கங்காணிக்கு முன்னால் வர வேண்டும் என்றார். செத்துப்போன அப்பா பேரைச் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். சேர்த்தேன். நான் மறுத்திருக்கலாம். உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது, எல்லாருக்கும் முதலில் நான் எழுதியது என் பேரைத்தான். சின்னச் சின்ன எழுத்தாக எழுதுவதில் எனக்கு ஒரு கர்வம். நாற்பத்தோரு பேர். பின்பக்கம் நிறைந்து, முன்பக்கத்தில் விலாசத்துக்கு இடது பாதியும் நிறைந்தது. அப்புறம்தான் அக்காவின் ஒரு வரி ஞாபகம் வந்தது. வலது மேல் மூலையில், அச்சடித்த தபால்தலைக்குப் பக்கத்தில், விரல் அகலம் இடம் இருந்தது. அங்கே நுணுக்கி எழுதினேன். பாடியது சாராள், பெயரைச் சொல்லவும்.

எழுதி முடித்து, மைப்பெட்டியில் முத்திரையை நன்றாக அழுத்தி, ஒரே குத்து. கோணாமல் விழுந்தது.

ஏலப்பாறை ஆபீஸில் பையைப் பிரித்த போஸ்ட்மாஸ்டர் மலையாளி. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதெந்தா, கல்யாணக்குறியோ?" என்று கேட்டாராம். கல்யாணப் பத்திரிகையில்கூட இத்தனை பேர் இருக்க மாட்டார்கள் என்று அர்த்தம். அடுத்த வாரம் என்னைப் பார்த்தபோதும் அதையே கேட்டுச் சிரித்தார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் அந்த நிகழ்ச்சி. எந்த வானொலி நிலையம் என்று சொல்லப் போவதில்லை, இப்போது அங்கே இருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள். நாலு ஞாயிறு வரவில்லை. ஐந்தாவது ஞாயிறும் கிளப்பில் கூட்டம் குறையவில்லை. ஆராதனைக்குக் கட்டின வெள்ளைச் சேலையோடு அக்கா வந்து, வாசல் பக்கம் சுவரை ஒட்டி நின்றார். நற்கருணை கூடாது என்று சொன்ன பெரியவர்களில் உயிரோடிருந்த ஒருவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அது தற்செயலா, அக்கா யாரையாவது விட்டுச் சொல்லியனுப்பினாரா, எனக்குத் தெரியாது.

நிகழ்ச்சி முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அப்போது வந்தது, ஊஞ்சல் பாட்டை விரும்பிக் கேட்டிருப்பவர்கள் என்று. முதல் பேர் என்னுடையது. என் காது அடைத்துக்கொண்டது. அடுத்தடுத்துப் பேர்கள். ஒவ்வொரு பேருக்கும் கிளப்பில் கூச்சல். சவரியம்மாள் அழுதுவிட்டாள். கங்காணி எழுந்து நின்று எல்லாரையும் பார்த்தார். செத்தவர் பேர் வந்தது, பிறக்காத பிள்ளை பேர் வந்தது. அறிவிப்பாளர் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பேர் விடாமல் வாசித்தார். நாற்பத்தொன்றும் முடிந்தது. அக்கா வளையலைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாடியவர், மல்லிகா" என்றார் அந்த அம்மா.

ஊஞ்சல் பாட்டு தொடங்கியது.

என் கண்ணுக்கு முன்னால் அந்தக் கார்டின் வலது மேல் மூலை வந்தது. மை நிறைந்த முத்திரையும் வந்தது. முத்திரை விழுந்து எழுத்து மறைந்ததா, எழுத்து தெரிந்தும் தட்டில் இருந்த பேரைத்தான் அவர்கள் நம்பினார்களா, இன்றுவரை தெரியாது. ஆனால் சாராள் என்ற பேர்மேல் முத்திரை குத்தினவன் நான் என்பது மட்டும் தெரியும். கோணாமல் குத்தினேன்.

அக்கா அசையவில்லை. பேர் போனாலும் பாட்டு இருக்கிறதே என்று நினைத்திருப்பார். முன்வரிசைப் பெரியவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், யார் குரலென்று தெரியாமலே. கடைசிச் சரணம் வந்தது. பாட்டு ஏறத் தொடங்கியது. அக்கா காலைப் பின்னால் வைத்தார். அந்த நேரம் பார்த்து ஒலி மெல்லக் குறைந்தது. நேரம் முடிந்துவிட்டது, நேயர்களுக்கு நன்றி என்றார்கள். நாற்பத்தோரு பேரை வாசித்ததற்கு ஆன நேரம் பாட்டில் குறைந்துவிட்டது.

எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். தோட்டத்தின் பேரைக் காப்பாற்றிவிட்டேனாம். அக்கா வளையலைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எல்லாரு பேரும் வந்துச்சுல்லா தம்பி" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வருஷம் வலித்திருக்காது.

அன்று ராத்திரியே ஒரு கார்டு எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். எழுதவில்லை. பேர் வந்த போதையில் ஒரு வாரம் போயிற்று, அப்புறம் வெட்கத்தில் ஒரு மாதம் போயிற்று. பிறகு எழுதினேன், ஒரே ஒரு வரி, வேறு யார் பேரும் இல்லாமல். வரவில்லை. இன்னும் இரண்டு எழுதினேன். அந்தத் தட்டு தேய்ந்திருக்கும், அல்லது உடைந்திருக்கும், அல்லது ஒரு கார்டுக்கு யார் மதிப்பு கொடுப்பார்கள் என்று அங்கேயும் யாராவது நினைத்திருப்பார்கள்.

எனக்கு மறையூருக்கு மாற்றலானபோது அக்கா தன் தட்டை என்னிடம் கொடுத்தார். "நீயாவது கேட்ட ஆளு, வச்சுக்கோ" என்றார். அதைக் கம்பளியில் சுருட்டி, தலையணைக்கு நடுவில் வைத்து, லாரியில் ஏற்றினேன். ஏற்றினவர்கள் மேலே அம்மிக்கல்லை வைத்துவிட்டார்கள். மறையூரில் இறக்கிப் பிரித்தபோது அஞ்சு துண்டு. ஊர் முழுக்கக் கரும்புப் பாகு காய்ச்சுகிற வாசனை. அந்த இனிப்பு வாசனை இன்றுவரை எனக்குக் குமட்டும். இது எதையும் நான் அக்காவிடம் சொல்லவில்லை. தட்டு பத்திரமாக இருக்கிறதா என்று கடிதத்தில் ஒருமுறை கேட்டிருந்தார். பத்திரமாக இருக்கிறது என்று பதில் எழுதினேன்.

அவர் இறந்த செய்தி எனக்கு நாலு நாள் கழித்துக் கார்டில் வந்தது. அடக்கத்துக்கு நல்ல கூட்டமாம், தொட்டிலில் கிடந்தவர்கள் எல்லாரும் வந்தார்களாம். அடக்க ஆராதனையில் பாடகர் குழு பாடி, உச்சத்தில் பின்னால் போயிருக்கிறது. ஏன் போகிறோம் என்று அதில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அந்தக் கோயிலுக்குப் போனேன். தோட்டம் பாதி மூடிக் கிடக்கிறது. பிள்ளைக் காப்பகத்துக்குக் கூரையே இல்லை. கோயிலில் பாடின நாலு பிள்ளைகளும் ஆளுக்கொரு மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். யாருக்கும் விலகிப்போக வேண்டிய அவசியமில்லை.

போன ஞாயிற்றுக்கு வருகிறேன். நான் இதையெல்லாம் சொல்லி முடித்ததும், மாப்பிள்ளை பாட்டுக்குக் கீழே எழுதிவிட்டார், பாடியது கதாநாயகி இல்லை, சாராள் என்பவர் என்று. மறுநாள் பதில் வந்திருந்தது. மரியாதையான பதில். தகவலுக்கு நன்றி, ஆதாரம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், பெயரை மாற்றிவிடுகிறேன் என்று.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆதாரம் இருக்கிறது. பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கடைசிச் சரணத்தைப் போடுங்கள் மாப்பிள்ளை என்றேன். போட்டார். காதில் ஒட்டி வைத்துக்கொண்டேன். குரல் ஏறியது. ஏறி, அப்படியே பக்கத்தில் நின்றது. விலகவில்லை. தூரம் இல்லை, சுவர் இல்லை, அறையே இல்லை. நேற்று என்ன குறைந்தது என்று அப்போதுதான் விளங்கியது. இரைச்சலைத் துடைக்கும்போது அக்கா வைத்த அரை அடியையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். அவர்களுக்கு அதுவும் பழுதாகத்தான் கேட்டிருக்கும்.

"இரைச்சலோட இருக்கற பழசு கெடைக்குமான்னு கேளுங்க மாப்ள."

கேட்டார். சாயங்காலம் வந்து சொன்னார். சொல்லவே அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"தட்டு கீறலுங்களாமா மாமா, ஒரு தடவைதான் ஓடுச்சாமா. சுத்தம் பண்ணுனதுக்கப்புறம் பழசை வெச்சுக்கலீங்களாமா. ஆதாரத்துக்கு என்னன்னு எழுதட்டுமுங்க?"

முட்டி வலித்தது. தைலப் புட்டியை எடுத்து மூடியைத் திறந்தேன்.

"இருந்துச்சு, இப்ப இல்லேன்னு எழுதிருங்க மாப்ள" என்றேன்.